ஏழு பேருக்கு ஒரு கோட்டு

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்கிற என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு மட்டும். இளசுகளிடம் சொன்னால் "அதுக்கு இப்ப என்ன செய்ற?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள். அறுபது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றாவது உங்களிடமும் கட்டாயம் இருக்கும்.

போன மாதம் என் இளைய மகள் தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பொம்பளைப் பிள்ளை துவாயைத் தலையில் போட்டால் மாமியார், இடுப்பில் கட்டினால் மருமகள், தோளில் போட்டால் மாமனார். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கிறார்கள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "என்ன உம்மா, முகம் ஒரு மாதிரிப் போகுது?" என்று கேட்டாள். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அப்போது அடித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது இந்தக் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவுக்கு வந்து பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் ஊர் எத்தாளையில், எங்களுக்கு அது வெறும் மணல். சோற்றில் மணல், கண்ணில் மணல், காயப்போட்ட வெங்காயத்தில் மணல். அந்தக் கச்சானில்தான் நான் சாச்சியின் வாழ்க்கையைக் கெடுத்தேன். கெடுத்தேன் என்பது சரியான சொல்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லுங்கள்.

சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. உம்மாவுக்கு மூத்தவர் பெரியும்மா. அவர்களின் தாய் தகப்பன் மௌத்தாகிவிட்டதால் சாச்சி எங்கள் வீட்டில்தான் இருந்தார். இருபத்தாறு வயது. நெடுத்த, கலகலப்பான ஆள். அவரிடம் ஒரேயொரு குறை என்று ஊர் சொன்னது குரல். சின்ன வயதில் வந்த காய்ச்சல் தொண்டையில் எதையோ செய்துவிட்டுப் போயிருந்தது. சாச்சி வாயைத் திறந்தால் கிணற்றுக்குள் இருந்து ஒரு ஆம்பிளை பேசுவது போல இருக்கும். பெண் பார்க்க வந்த மூன்று பேரும், "தண்ணி தாங்க மகள்" என்று கேட்டு, "இந்தாங்க" என்று அவர் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் குரலுக்கு மரியாதை கிடைத்த இடம் ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் மருதோண்டி போடுகிற நாள் ளுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் ஆம்பிளைகள் எல்லோரையும் வெளியே அனுப்பி வாசல் படலையைக் கட்டிவிடுவார்கள். கிடுகு வேலிக்கு உள்ளே பெண்கள் மட்டும். இரண்டு வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்டால் மேடை. வள்ளத்துப் பாயைக் கயிற்றில் போட்டால் திரை. அங்கே பெரியும்மாவும் சாச்சியும் நாடகம் போடுவார்கள்.

நாடகத்தில் ஏழு பேர். ஒரு வாப்பா தன் மகளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையின் உம்மாவுக்காகக் காத்திருப்பார். அவர் வருவதற்கு முன் தபால்காரர் வருவார், வயிற்று வலியோடு ஊர்த் தலைவரான விதானை வருவார், விதானைக்கு வைத்தியம் செய்யப் பரிகாரி வருவார், பாதி சிங்களத்தில் பேசிக்கொண்டு மீன் முதலாளி வருவார். ஏழு பேருக்கும் சேர்த்து இரண்டே பேர். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுத்தக் கோட்டு, கண்ணாடி கழன்ற ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம், ஒரு குடை. கோட்டு மௌத்தான பெரியப்பாவுடையது. அதன் பொத்தானைப் பூட்டினால் விதானை, திறந்தால் முதலாளி, மறுபுறம் திருப்பிப் போட்டால் தபால்காரர்.

எல்லோரும் காத்திருக்கிற கட்டம் பரிகாரி வருவதுதான். பெரியும்மா விதானையாக வாங்கில் கிடந்து முனகுவார். சாச்சி பரிகாரியாக வந்து நாடி பிடிப்பார். "நாடி ஓடுது விதானையார். எந்தப் பக்கம் ஓடுது எண்டுதான் விளங்கல்ல." வலி எங்கே, எப்படி என்று கேட்டுக் கேட்டுப் பரிகாரிக்கும் அதே இடத்தில் வலி வந்துவிடும். அவர் மெல்ல மெல்ல வாங்கில் சாய, விதானை எழும்பி அவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு நாடி பிடிப்பார். கோட்டு இவர் உடம்பிலிருந்து அவர் உடம்புக்குப் போகும். குரலும் கூடவே மாறும். திரைக்குப் பின்னால் போகாமல், எல்லார் கண்ணுக்கு முன்னாலும் நோயாளி வைத்தியராகி, வைத்தியர் நோயாளியாகிவிடுவார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள்.

கடைசியில் வருவது மாப்பிள்ளையின் உம்மா. அதுவும் சாச்சிதான். கதிரையில் விறைத்துக்கொண்டு உட்காருவார். உதட்டை இறுக்கிக்கொள்வார். ஒரு தரமும் சிரிக்க மாட்டார். மகளாக முக்காடு போட்டு நிற்கும் பெரியும்மாவை நடக்கச் சொல்வார், ஊசியில் நூல் கோக்கச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார். தன்னைப் பார்த்துவிட்டுப் போன மூன்று பேரையும் சாச்சி அப்படியே செய்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் உம்மா என்றால் அப்படித்தான் இருப்பார், கதிரையில் இருப்பார், சிரிக்க மாட்டார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அங்கேதான் வினை.

அடுத்த வீட்டு மாமியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. மருதோண்டி நாளுக்கு இரண்டு நாள் முந்தி அந்த மாமி வேலிக்கு மேலால் எட்டி உம்மாவின் காதில் ஏதோ சொன்னார். கற்பிட்டியில் ஒரு நல்ல குடும்பம். பையன் பாடசாலையில் படிப்பிக்கிறவர். அவருடைய உம்மா கலியாணத்துக்கு வருகிற சாட்டில் சாச்சியைச் சும்மா ஒரு கண் பார்த்துவிட்டுப் போக நினைக்கிறார். யார் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் பொண்ணு நல்ல பிள்ளை வேஷம் கட்டிவிடும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

உம்மா அன்றைக்கே சட்டம் போட்டார். "நீ நடிக்கப் போறல்ல. என்ட பக்கத்துல பாயில இரிக்கிற. வாயத் திறக்காத. யாரும் ஏதும் கேட்டாத் தலைய ஆட்டு."

"அப்ப பெரிய ராத்தா தனியா என்ன செய்ற?" என்று சாச்சி கேட்டார்.

"அவ எதையாவது செய்வா. நாலாவது ஆளும் திரும்பிப் போனா உன்னை யாரு கட்டுற? மீசை வெச்சிக்கிட்டு நீ மேடையில நிக்கிறதயா அந்த மனுசி வந்து பாக்கணும்?"

பெரியும்மாதான் கோட்டை உதறிக்கொண்டே, "நான் ஏழு பேரையும் செய்வன், நீ போய் இரி" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. எனக்கே அது விளங்கியது.

அந்த நாள் வந்தது. காற்று திரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. கூட்டம் என்றால் கூட்டம், வேலி வெடித்துவிடும் போல. சாச்சி நாவல் நிறச் சீலை உடுத்து, தலை குனிந்து, பாயில் இருந்தார். உம்மா என்னை இழுத்துக் காதில் சொன்னார்: "ஓடிப்போய் மாமிக்கிட்ட மெதுவாக் கேளு, கற்பிட்டியிலிருந்து வந்தவங்க யாரு எண்டு. கேட்டுட்டு வந்து எனக்கு மட்டும் காட்டு."

மாமி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். குசினிக்குப் போகிற வழி திரைக்குப் பின்னால். அங்கே பெரியும்மா கரியால் மீசை கீறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன்னால் யாரோ தகரத்தில் தாளம் போடத் தொடங்கினார்கள். முதல் காட்சி தவறிவிடும் என்ற பயம் எனக்கு. குசினிப் பக்கம் போகாமலே திரும்பி ஓடி வந்தேன். வரும்போதே கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் பாயில். ஒரே ஒருவர் கதிரையில். விறைத்த முதுகு, இறுக்கிய உதடு. யோசிக்கவே தேவைப்படவில்லை.

"அந்தா, கதிரையில இரிக்கிறவங்க."

"மாமிக்கிட்டக் கேட்டயா?"

"ஓம்" என்றேன்.

அந்த நிமிஷத்திலிருந்து உம்மாவின் கண் அந்தக் கதிரையை விட்டு அசையவில்லை.

பெரியும்மா வாப்பாவாக வந்தார், உள்ளே ஓடினார், தபால்காரராக வந்தார். மூச்சு வாங்கியது. சிரிப்பு வந்தது, ஆனால் பழைய சிரிப்பு இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வெத்திலை மென்றுகொண்டிருந்த ஒரு பருத்த மனுசி மட்டும் எல்லாவற்றுக்கும் சத்தமாகச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் வெத்திலைச் சாறு சீலையில் ஒழுகியது. உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் மெதுவாச் சிரிங்களேன். பெரிய மனுசர் வந்திரிக்காங்க" என்று அவரை அடக்கினார். அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

விதானை வந்து வாங்கில் படுத்தார். "பரிகாரியார்! பரிகாரியார்!" என்று முனகினார். யாரும் வரவில்லை. பெரியும்மா எழும்பி மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தன் கையைத் தானே பிடித்து நாடி பார்த்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. தகரத் தாளமும் நின்றது. பின்னால் யாரோ, "தங்கச்சி எங்க? தங்கச்சியை வரச் செல்லுங்க" என்று கத்தினார்கள். முழுக் கூட்டமும் எங்கள் பக்கம் திரும்பியது. உம்மா சாச்சியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் காப்பு சதைக்குள் இறங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

பெரியும்மா மறுபடி படுத்தார். "பரிகாரியார்" என்று மூன்றாம் தரம் கூப்பிட்டபோது குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. ஊருக்கு முன்னால் கோட்டும் மீசையுமாகத் தனியாகக் கிடக்கிற ஒரு கைம்பெண்ணின் குரல் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது என் பக்கத்தில், முக்காட்டுக்குள் இருந்து, அந்தக் கிணற்றுக் குரல் வந்தது. "கத்தாதீங்க விதானையார். வாறன். செருப்பத் தேடுறன்."

வேலி இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. சாச்சி உம்மாவின் கையை உதறிவிட்டுச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனார். அன்று அவர்கள் இரண்டு பேரும் செய்ததைப் போல அதற்கு முன்பு ஒருபோதும் செய்ததில்லை. கோட்டு யாரிடம் இருக்கிறது, விதானை யார், பரிகாரி யார் என்று கண் பிடிக்க முடியவில்லை. கடைசிக் கட்டம் வந்தபோது உம்மா கையைக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார். சாச்சி பார்க்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உதட்டை இறுக்கினார். "நட புள்ள பாப்பம்" என்றார். பெரியும்மா நடந்தார். "பத்தாது, இன்னொருக்கா."

கீழே கதிரையில் இருந்த மனுசி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எழும்பினார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், தேத்தண்ணியும் குடிக்காமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். உம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா சாச்சியிடம் சொன்னது ஒரே வசனம். "இனி நான் கேக்காம உன்ட வாய் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. ஒன்பது நாள். அப்படி ஒரு மௌனத்தை நான் பிறகு எந்த வீட்டிலும் பார்க்கவில்லை. சாச்சி தண்ணீர் இறைத்தார், வெங்காயம் கட்டினார், சோறு போட்டார். இடையிடையே படலைப் பக்கம் பார்ப்பார். உம்மா வாப்பாவை நச்சரித்தார். கதை ஊர் முழுக்கப் பரவுவதற்குள் எங்கேயாவது, யாருக்காவது. வாப்பா வெங்காயம் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போகிறவர். அந்தத் தரம் போனபோது அங்கே இரண்டு பிள்ளைகளோடு மனைவியை இழந்திருந்த ஒரு கடைக்காரருக்குச் சாச்சியைத் தருவதாகச் சொல்லைக் கொடுத்து, நிச்சயத்துக்கு ஸலவாத்தும் ஓதிவிட்டு வந்தார். வந்து சொன்னபோது சாச்சி அடுப்புக்கு முன்னால் இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் கற்பிட்டியிலிருந்து ஒரு தட்டுத் தொதல் இனிப்போடு ஆள் வந்தது.

"எங்கட மாப்புள்ளட உம்மாவுக்கு உங்கட தங்கச்சியை நல்லாப் புடிச்சிப் போச்சு. பத்து வருஷமா அவ இப்படிச் சிரிக்கல்லயாம். இப்படி ஒரு மருமகள் வீட்டுல இரிந்தா நோயே வராது எண்டு செல்லிச் செல்லிச் சிரிக்கிறா."

உம்மா வாசலைப் பிடித்துக்கொண்டார். "கதிரையில இரிந்தவங்களா?"

"சே! அது எங்கட ஊரு பெரிய வாத்தியார்ட பொண்சாதி. அதுக்கு முதல் நாள்தான் பல்லுப் புடுங்கினவ, பாவம், சிரிக்கவும் ஏலாது. எங்கட ஆள் பானைக்குப் பக்கத்துல இரிந்தா. நீங்க கூட அவவ மெதுவாச் சிரிக்கச் சொன்னீங்களாமே."

சொல்லைக் கொடுத்தாயிற்று. ஸலவாத்து ஓதியாயிற்று. அதை எங்கள் ஆட்கள் திருப்பி வாங்க மாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். தொதலை உம்மா திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையச் செல்லு. மாமிக்கிட்டக் கேட்டயா?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். "கேட்டன். மாமிதான் கதிரை எண்டு காட்டினாங்க" என்றேன்.

உம்மா போய் மாமியோடு சண்டை போட்டார். மாமி குர்ஆனில் சத்தியம் செய்யத் தயாராக நின்றார். உம்மா நம்பவில்லை. பெற்ற பிள்ளையை நம்பினார். இரண்டு வீடும் அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை. மாமியின் மையித்து வீட்டுக்குக்கூட உம்மா போகவில்லை. என் உம்மா மௌத்தாகும்போதும் அந்தப் பாவத்தை மாமியின் கணக்கில்தான் வைத்திருந்தார்.

சாச்சி லொறியில் மன்னாருக்குப் போனார். பெரியும்மா கோட்டை மிளகாய்த் தோட்டத்தில் நட்ட வெருளிப் பொம்மைக்கு மாட்டிவிட்டார். இரண்டு மழைக்கு அது தாங்கியது. மூக்குக்கண்ணாடிச் சட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை.

யுத்தத்தில் மன்னாரிலிருந்தும் மற்ற வடக்கு ஊர்களிலிருந்தும் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்ன அந்த வருஷம், சாச்சி குடும்பத்தோடு படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார். கரைத்தீவில் கிடுகுக் கொட்டில் கொடுத்தார்கள். சாமான் கொண்டு பார்க்கப் போனேன். கொட்டிலுக்குள் இருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், நிவாரண அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சாச்சி பதிவெடுக்கிற அதிகாரியாகவும், அதை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற கிழவியாகவும் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் இழந்து வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். சொல்ல வந்ததை அன்றும் சொல்லவில்லை. கோழை என்றால் கோழைதான்.

வீடியோ பார்த்த அந்தக் கிழமையே கரைத்தீவுக்குப் போனேன். சாச்சிக்கு இப்போது தொண்ணூறை எட்டுகிற வயது. கண் மங்கல், குரல் மட்டும் அப்படியே. கல்வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குசினிக்குப் போகாதது, கதிரையைக் காட்டியது, மாமி மேல் பழி போட்டது.

சாச்சி முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "எனக்குத் தெரியும் மகள்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாடகம் முடிஞ்ச கையோட அந்த மனுசி திரைக்குப் பின்னால வந்தா. வெத்திலை வாயோட என்னைக் கட்டிப்புடிச்சா. நான்தான் மாப்புள்ளட உம்மா, பத்து நாள் பொறு, ஆளனுப்புறன் எண்டா. அவ செல்லித்தான் போனா."

"அப்ப... அந்த ஒன்பது நாளும் உங்களுக்குத் தெரியுமா? வாப்பா மன்னாருக்குப் போகக்குள்ளயும் தெரியுமா? ஏன் சாச்சி செல்லல்ல? ஒரு வார்த்தை செல்லிரிந்தா!"

"உங்கட உம்மாதான் வாயத் திறக்காத எண்டு செல்லிரிந்தாவே. அவ கேக்கட்டும் எண்டு இரிந்தன். அவ கேக்கல்ல. எனக்கும் கோவம்." அவர் கண்ணை மூடித் திறந்தார். "கோவம் இவ்வளவு தூரம் போகும் எண்டு எனக்கும் தெரியாது புள்ள. லொறியில ஏறின பொறகுதான் தெரிஞ்சிச்சு."

நான் அவருடைய காலில் தலையை வைத்து அழுதேன். எழுபது தாண்டிய கிழவி, பத்து வயதுப் பிள்ளையாக அழுதேன். மாமிக்காகவும் அழுதேன், அவருக்கு இனி யாரும் எதையும் சொல்ல முடியாதே என்று.

தலையை நிமிர்த்தியபோது சாச்சியின் முதுகு நேராகியிருந்தது. உதடு இறுகியிருந்தது. மங்கின கண்ணால் என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்தார்.

"எழும்பு" என்றார். "நட புள்ள பாப்பம்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, விறாந்தையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பத்தாது" என்றார் சாச்சி. "இன்னொருக்கா."

நான் திரும்பவும் நடந்தேன்.